நிற்க வைத்து அளந்து பாருங்கள்

தன்னாட்சி என்ற சொல்லை அரசியல் மேடைகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். அதே சொல் எமது பாடசாலை விஞ்ஞான நூல்களில் வேறோர் இடத்திலும் வருகிறது. தன்னாட்சி நரம்புத் தொகுதி என்பர். இருதயம் எவ்வளவு விரைவாகத் துடிக்க வேண்டும், குருதிக் குழாய்கள் எந்த அளவுக்குச் சுருங்க வேண்டும், உண்ட சோறு இரைப்பையில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும், எப்போது வியர்க்க வேண்டும், சிறுநீர்ப்பை எப்போது திறக்க வேண்டும் என்பன போன்ற காரியங்களை எம்மிடம் ஒரு வார்த்தை கேளாமலே நிருவகித்து வருவது இந்தத் தொகுதிதான். அது சரியாக இயங்கும்வரை அப்படியொன்று இருப்பதே எமக்குத் தெரிவதில்லை. அது பழுதுபடும்போதுதான் ஒரு மனிதன் கதிரையிலிருந்து எழுந்து நிற்பதற்கு அவனுடைய உடல் எத்தனை வேலைகளைச் செய்கிறது என்பது விளங்குகிறது.

இந்த நரம்புகள் சிதைவடைவதற்குக் காரணமாகக்கூடிய நோய்கள் பல. எம்மவருக்கு மிகவும் பழக்கமானது நீரிழிவு. நான் இங்கு எழுத விரும்புவது மற்றொரு நோயைப் பற்றி. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களிடமும் இதே சிதைவு ஏற்படுகிறது. அது பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. எழுதப்படாமைக்கான காரணத்தையும் இக்கட்டுரையின் போக்கில் சொல்கிறேன்.

எயிட்ஸ் பற்றிய செய்திகள் பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வரத் தொடங்கிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1981 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அபூர்வமான நியூமோனியா பற்றிய சிறிய அறிக்கையொன்றுடன் இந்தக் கதை தொடங்கியது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தினர் வைரஸை இனங்கண்டனர். 1986இல் சென்னையில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதலாவது தொற்றுகளைக் கண்டறிந்தனர். மறுவருடம் இலங்கையர் ஒருவரிடம் முதன்முதலாகத் தொற்று உறுதிசெய்யப்பட்டது. அந்த நாட்களில் இந்நோய் பற்றிய செய்தி எதுவாயினும் 'உயிர்க்கொல்லி' என்ற அடைமொழி இன்றி அச்சேறுவதில்லை. அது மரணத்தைப் பற்றிய செய்தியாகவே இருந்தது.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் நிலைமை மாறியது. இலங்கையில் 2004 முதல் இம்மருந்துகள் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பவருடைய குருதியில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் உடலுறவு மூலம் அவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. இறந்துவிடுவார்கள் என்று கருதப்பட்டவர்கள் இருபது, முப்பது வருடங்களாக வாழ்ந்து பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். மரணம் விலகியதும் செய்தியாளர்களும் விலகிக்கொண்டனர். ஆனால் வாழ்வது என்பதில் அன்றாடச் சிரமங்கள் இருக்கின்றனவல்லவா? அவை செய்தியாவதில்லை.

எனக்கு நெருக்கமான ஒருவர் பல வருடங்களாக இத்தொற்றுடன் வாழ்ந்து வருகிறார். வயது ஐம்பதைக் கடந்தவர். அவருக்கு அது எப்படித் தொற்றியது என்று நான் கேட்டதில்லை. வாசகர்களும் கேட்க வேண்டியதில்லை. நீரிழிவுக்காரரிடம் எவ்வளவு சீனி சாப்பிட்டீர்கள் என்று நாம் விசாரணை நடத்துவதில்லை. குளிசைகளை ஒருநாள் தவறாமல் எடுப்பவர் அவர். சிகிச்சை நிலையத்தின் கணக்குப்படி அவர் ஒரு சிறந்த நோயாளர். வைரஸ் அளவு காணமுடியாத நிலை. நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை திருப்தி. எனினும் அந்த மனிதரால் எழுந்து நிற்க முடியாமற் போய்க்கொண்டிருந்தது.

கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருண்டுவிடும். பஸ்ஸில் இருக்கையிலிருந்து எழுந்து இறங்குவதற்குள் தள்ளாடிக் கம்பியைப் பிடிப்பார். ஒருமுறை நடத்துநர், "வெள்ளெனவே போட்டிட்டு வந்திட்டினம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். குடிப்பழக்கமே இல்லாதவர் அவர். கோயில் திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்கு வரும் நேரத்தில் மதிலோரம் குந்தியிருந்ததற்காக ஒரு பெரியவர், "தம்பி, சாமி வருகுது, எழும்பு" என்று அதட்டியிருக்கிறார். எழுந்தார், விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். எமது சமூகத்தில் மரியாதை என்பது பெரும்பாலும் எழுந்து நிற்பதுதான். வகுப்பில் ஆசிரியருக்கு, கந்தோரில் மேலதிகாரிக்கு, செத்தவீட்டில் பிரேதத்துக்கு, கோயிலில் தெய்வத்துக்கு. நிற்க முடியாதவன் மரியாதை தெரியாதவனாகிவிடுகிறான்.

அவருடைய சிரமம் அத்துடன் முடியவில்லை. இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிரம்பிவிட்டதுபோல் இருக்கும். சில நாட்களில் காலையில் உண்டது மாலையிலும் தொண்டைவரை நிற்கும். மலச்சிக்கல் ஒரு வாரம், வயிற்றோட்டம் மறு வாரம். பாதங்கள் வியர்வையின்றி வறண்டு வெடித்திருக்க, சாப்பிடும்போது மாத்திரம் முகமும் கழுத்தும் வியர்த்து ஊற்றும். சிறுநீர் கழிக்கத் தொடங்குவதற்கே நெடுநேரம் காத்து நிற்க வேண்டும். தாம்பத்திய வாழ்க்கையைப் பற்றி அவர் என்னிடம் ஒரேயொரு வசனம் சொன்னார். அதை நான் இங்கு எழுதப் போவதில்லை.

இவை ஒவ்வொன்றுக்குமாக அவர் வெவ்வேறு இடங்களுக்குச் சென்றார். ஓரிடத்தில் இரைப்பை அழற்சிக்கு மருந்து. இன்னோரிடத்தில் சத்துக் குளிசை. மற்றோரிடத்தில், பெயர் வேண்டாம், "நீங்கள் வருத்தத்தைப் பற்றிக் கூடுதலாக யோசிக்கிறீர்கள்" என்ற அறிவுரை. எல்லா இடங்களிலும் குருதியமுக்கம் பார்த்தார்கள். கதிரையில் இருத்திவைத்துப் பார்த்தார்கள். எல்லா இடங்களிலும் அது சரியாகவே இருந்தது.

கடைசியில் ஒரு பெண் வைத்தியர் அவரை ஐந்து நிமிடம் கட்டிலில் படுக்கச் சொல்லிக் குருதியமுக்கத்தை அளந்தார். 128க்கு 78. பின்னர் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்தார். மூன்றாவது நிமிடத்தில் 96க்கு 64. நிற்கத் தொடங்கி மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது நோய்க்குறி என்பது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. இன்னொன்றையும் அவர் கவனித்தார். குருதியமுக்கம் அவ்வளவு இறங்கியும் நாடித் துடிப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. உடலில் நீர் குறைந்து அமுக்கம் இறங்குபவருக்கு இருதயம் பதறி அடிக்கும். இவருக்கோ இருதயத்துக்குத் தகவலே போய்ச் சேரவில்லை. பழுது நரம்பில் என்பதற்கு அதுவே அடையாளம்.

இதன் பொறிமுறையைச் சற்று விளக்கினால் நல்லது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரையிலான குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கித் தேங்குகிறது. கழுத்து நாடியிலும் இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியிலும் உள்ள அமுக்க உணரிகள் அதை உடனே அறிந்து மூளையின் அடித்தண்டுக்கு அறிவிக்கின்றன. அங்கிருந்து வரும் கட்டளைப்படி பரிவு நரம்புகள் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன, இருதயம் வேகமெடுக்கிறது. எல்லாம் சில விநாடிகளில் நடந்துவிடுவதால் மூளைக்குக் குருதி குறைவதில்லை. அந்தக் கட்டளையைக் கொண்டு செல்லும் நரம்பிழைகளிற் பெரும்பாலானவை மிக மெல்லியவை. தடித்த நரம்புகளுக்கு இருப்பதுபோன்ற கொழுப்புறை அவற்றுக்கு இல்லை அல்லது மிகக் குறைவு. ஆகையால் தாக்குதலை அதிகம் தாங்கமாட்டா. இரைப்பையையும் குடலின் பெரும்பகுதியையும் ஆளும் வேகஸ் நரம்போ மூளையிலிருந்து வயிறுவரை செல்லும் நீண்ட நரம்பு. நீளம் கூடக்கூடப் பழுதுபடும் வாய்ப்பும் கூடுகிறது.

எச்.ஐ.வி.யில் இந்நரம்புகளைச் சிதைப்பது எது? வைரஸ் நரம்புக் கலத்துக்குள் நேரடியாகப் புகுந்து பெருகுவதில்லை. அது நோயெதிர்ப்புக் கலங்களில் குடியேறுகிறது. அக்கலங்கள் வெளிவிடும் அழற்சிப் பொருட்களும் வைரஸின் மேலுறைப் புரதமும் அயலிலுள்ள நரம்புகளுக்கு நஞ்சாகின்றன. சிகிச்சையால் வைரஸ் அடங்கிய பின்னரும் அழற்சி முற்றாக அடங்குவதில்லை. பழைய மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஸ்டாவுடின், டிடானோசின், சல்சிடபின் ஆகிய மூன்றும் நரம்புகளைப் பாதிப்பவை என்பது நிரூபிக்கப்பட்ட விடயம். மலிவானது என்பதற்காக ஏழை நாடுகளில் பரவலாக வழங்கப்பட்ட ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது. அதற்கு முன் அதை வருடக்கணக்கில் விழுங்கியவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கிறார்கள். அம்மருந்து அவர்களுடைய உயிரைக் காத்தது. அதற்கான விலையைச் சிலருடைய நரம்புகள் செலுத்தின.

இப்பிரச்சினை வைத்திய உலகுக்குப் புதியதன்று. எயிட்ஸ் நோயாளர் சிலருக்கு ஊசி மூலம் நுரையீரலிலிருந்து மாதிரி எடுக்கும்போது இருதயமும் சுவாசமும் திடீரென நின்றுபோனமை குறித்தும், அதற்குத் தன்னாட்சி நரம்புச் சிதைவே காரணமாகலாம் என்பது குறித்தும் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் 1987இலேயே 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார்கள். இந்நரம்புகளைச் சோதிக்கும் எளிய முறைகள் அதற்கும் முந்தியவை. எடின்பரோவில் டேவிட் ஈவிங் என்பவரும் அவருடைய சகாக்களும் நீரிழிவு நோயாளருக்காக அவற்றை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற கணக்கில் ஆழமாக மூச்சை இழுத்து விடச் செய்து, நாடித் துடிப்பு எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பார்ப்பது. வேறுபாடு மிகவும் குறைந்திருந்தால் வேகஸ் நரம்பு நலமாக இல்லை என்று கொள்ளலாம். நியூயோர்க்கின் மவுண்ட் சினாய் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எச்.ஐ.வி. உள்ள நூறு பேரளவில் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவுகளில், அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோரிடம் தன்னாட்சி நரம்புத் தொகுதியின் இயக்கக் குறைபாடு காணப்பட்டது. கூட்டு மருந்து வந்து பதினேழு வருடங்களுக்குப் பிந்திய நிலை இது. எல்லோரும் மயங்கி விழுபவர்கள் அல்லர். பலரிடம் குறைபாடு சோதனையில் மட்டுமே தெரிந்தது. எனினும் இதனை அபூர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் நண்பரைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் ஏன் அலைகிறார்கள்? என் அபிப்பிராயத்தில் இங்கு இரண்டு மௌனங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. முதலாவது, நோயைப் பற்றிய மௌனம். இரண்டாவது, அந்த நோய் தாக்கும் உறுப்புகளைப் பற்றிய மௌனம். மலம், சிறுநீர், ஆண்மை, வியர்வை: இவற்றைப் பற்றி எமது ஆட்கள் சாதாரண நோயிலேயே வாய் திறப்பதில்லை. எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்தில் வைரஸின் கணக்கைப் பார்த்து "நல்லது" என்று வைத்தியர் மகிழும்போது, மலச்சிக்கலைச் சொல்லி அந்த மகிழ்ச்சியைக் குலைக்க நோயாளர் விரும்புவதில்லை. வயிற்றுக்காக வேறு வைத்தியரிடம் போகும்போது, எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. முன்னவருக்கு நோய் தெரியும், முறைப்பாடு தெரியாது. பின்னவருக்கு முறைப்பாடு தெரியும், நோய் தெரியாது. இருவருக்கும் நடுவில் மனிதர் விழுகிறார்.

இந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகக்கூடும். ஆண்மைக் குறைவுக்காக மருந்துக்கடையில் இரகசியமாக வாங்கப்படும் சில்டெனாபில், எச்.ஐ.வி. மருந்துகளுடன் சேர்த்து வழங்கப்படும் ரிட்டோனாவிர் உடலில் இருந்தால் பன்மடங்கு வலுப்பெறும். ஏற்கெனவே நிற்கும்போது அமுக்கம் இறங்குபவருக்கு அது பெரும் வீழ்ச்சி. கால் எரிவுக்கென வழங்கப்படும் அமிற்றிப்டிலின் எரிவைத் தணிக்கும். அதேவேளை எழும்போது வரும் மயக்கத்தையும் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தடையையும் கூட்டும். சுக்கிலச் சுரப்பி வீக்கத்துக்கான சில குளிசைகளும் குருதியமுக்கத்தை இறக்குபவை. சத்திரசிகிச்சைக்குச் செல்பவரின் தன்னாட்சி நரம்புகள் பழுதடைந்திருப்பதை மயக்கமருந்து வைத்தியர் முன்கூட்டி அறிந்திருந்தால் அதற்கேற்பத் தயாராவார். ஒவ்வொன்றும் ஒருவர் வாய் திறந்து சொன்னால் தவிர்க்கக்கூடியது.

எமது வீடுகளில் நீரிழிவுள்ள அம்மா எழும்போது தலைசுற்றி விழுந்தால் என்ன நடக்கிறது? பிள்ளைகள் ஓடிவந்து தாங்குகிறார்கள். அயலவர் கோப்பியுடன் வருகிறார். மாமி தனக்கும் அப்படித்தான் என்று ஒரு கதை சொல்கிறார். என் நண்பருக்குப் பழுதடைந்ததும் அதே நரம்புதான். அறிகுறியும் சோதனையும் சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றே. நோயின் பெயர் மாத்திரம் வேறு. அந்தப் பெயருக்காக ஒருவருக்குக் கோப்பியும் மற்றவருக்கு ஏளனமும் கிடைக்கின்றன. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாழும் தமிழருக்கு வைத்திய வசதிகள் அதிகம் கிடைக்கலாம். ஆனால் இந்த விடயத்தில் அங்குள்ள எம்மவரும் ஊரை மூட்டையோடு கட்டிக்கொண்டு போனவர்களே. மொழிபெயர்ப்பாளராக வருபவர் தமிழர் என்பதற்காகவே உண்மையை மறைப்பவர்கள் உண்டு.

சிகிச்சை இருக்கிறதா என்றால், நரம்பைப் பழையபடி புதுப்பிக்கும் மருந்து இல்லை. ஆனால் வாழ்வை எளிதாக்கும் வழிகள் உண்டு. எச்.ஐ.வி. மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பது முதல் விதி. வேறு காரணங்களையும் தேட வேண்டும். நீரிழிவு, மதுபானம், பி12 விற்றமின் குறைபாடு, காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியசிட் முதலியனவும் நரம்புகளைத் தாக்கக்கூடியவை. கட்டிலிலிருந்து எழும்போது முதலில் விளிம்பில் இருந்து, கால்களை அசைத்து, பின்னர் எழ வேண்டும். எழுவதற்குச் சற்று முன் இரண்டு பெரிய குவளை தண்ணீரை விரைவாகக் குடித்தால் சில நிமிடங்களில் அமுக்கம் உயர்ந்து ஒரு மணித்தியாலமளவில் நிற்கும் என்பது ஆய்வுகளில் காணப்பட்டது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி, தலைப்பக்கம் சற்று உயர்த்திய கட்டில், சோற்றைக் குறைத்துச் சிறிது சிறிதாகப் பல வேளை உண்ணல் ஆகியனவும் உதவும். வைத்தியர் சம்மதித்தால் உப்பைக் கூட்டலாம். சம்மதமின்றிக் கூடாது, ஏனெனில் இவர்களுள் சிலருக்குப் படுத்திருக்கும்போது அமுக்கம் ஏறிவிடுவதுண்டு. இவை போதாதபோது புளூட்ரோகோர்ட்டிசோன், மிடோட்ரின் போன்ற மருந்துகள் உள்ளன.

என் நண்பர் இப்போது முற்றாகக் குணமடைந்துவிடவில்லை. ஆனால் விழுவதில்லை. காலையில் தண்ணீர், வயிற்றுக்குப் பட்டி, வைத்தியர் மாற்றிக் கொடுத்த குளிசைகள் என்று நாளைக் கடத்துகிறார். எல்லாவற்றையும்விட அவருக்கு ஆறுதல் தந்தது வேறொன்று. தனக்கு இருப்பது மனப்பிரமை அல்ல என்பதை ஒருவர் இலக்கத்தில் எழுதிக் காட்டியமை. அந்தக் கடதாசியை அவர் இன்னமும் பணப்பையில் வைத்திருக்கிறார்.

அந்தச் சோதனைக்கு வேண்டியவை ஒரு கட்டில், குருதியமுக்கம் பார்க்கும் கருவி, எட்டு நிமிடங்கள். இவை இல்லாத கிராமிய வைத்தியசாலை இலங்கையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எட்டு நிமிடங்கள் என்பது நோயாளர்கள் வரிசையில் நிற்கும் சிகிச்சை நிலையத்தில் சிறிய நேரமன்று என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் படுக்க வைக்கும் நேரத்தைத் தாதி வெளியே வாங்கிலேயே தொடங்கட்டும். நோயாளரும் வெட்கத்தை விட்டுத் தாமாகவே கேட்கட்டும்: "என்னை நிற்க வைத்தும் ஒருமுறை பாருங்கள்."

இதை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டபோது நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர் சொன்னார்: "பேர் வேண்டாம் அண்ணை, ஊரும் வேண்டாம். நிக்க வைச்சு பிரஷர் பாக்கச் சொல்லி எழுதுங்கோ. கோயிலிலை ஒருத்தன் இருந்தால், ஏன் எண்டு கேக்காமல் விடச் சொல்லியும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.